இரண்டாயிரத்து நானூறு இலக்க ஒண்டிக்கட்டை

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாக மனைவி சொல்லியிருந்தாள். எட்டரைக்கே அந்த அலுமினியத் தகடு சுவரில் ஏறிவிட்டது. நான்கு மூலைக்கும் நான்கு திருகாணி. அவன் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். பிறகு எழுந்து வாசல் கதவருகே போய், உள்ளே வருகிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நின்று பார்த்தான்.

கிட்டத்தில் நின்றால் வெறும் எண்கள். வரிக்கு நாற்பது இலக்கம், அறுபது வரி. நாலடி தள்ளி நின்றால் எண்கள் மங்கி ஒரு சிறுமியின் முகம் எழுந்து வரும். இரட்டைப் பின்னல். கன்னத்தில் ஒரு மச்சம்.

மனைவி ஏழு மாதமாக அவளுடைய அக்கா வீட்டில் இருந்தாள். “கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசப் போயிருப்பான். இந்தத் தகட்டைப் பார்த்தால் வீடு திரும்பிவிடுவாள் என்று நம்பினான். நம்புவதற்கு வேறு எதுவும் அவனிடம் மிச்சமில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவன் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் அடிக்கிறான். ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதியின் பின்பக்கம் அவன் கைவேலை. அதனால் தெருவில் நடந்தால் மகள் அவனைச் சும்மா விடமாட்டாள். அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவான். காதோரம் நின்று நொய் நொய் என்று கேள்வி கேட்டே உயிரை எடுப்பாள்.

“அப்பா, அந்த வண்டி நம்பர் ஒண்டிக்கட்டையா, குடும்பஸ்தனா?”

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பாடப் புத்தகத்தில் பகா எண் என்று பெயர். கொசு வைத்த பெயர் ஒண்டிக்கட்டை. வகுபடுகிறதெல்லாம் குடும்பஸ்தன்.

ஒருநாள் 8633 என்று ஒரு வண்டியைக் காட்டினாள். அவன் மூன்றில் தொடங்கி, ஏழு, பதினொன்று என்று மனக்கணக்காக ஏறி, எண்பத்துமூன்று வரை போய் மூச்சு வாங்கினான்.

“ஒண்டிக்கட்டை.”

“தோத்தீங்க! எண்பத்தொன்பது பெருக்கல் தொண்ணூத்தேழு. இன்னும் ஒரே ஒரு படி ஏறியிருந்தா மாட்டியிருக்கும். பாதியில உக்காந்துட்டீங்க.”

“நீ வீட்டுலயே கணக்குப் போட்டு வச்சுக்கிட்டு வந்து கேக்கற.”

“ஆமா. அந்த வண்டி தினமும் இங்கதான நிக்குது.”

இன்னொரு நாள் பட்டறைக்கு வந்து, தகட்டுக் குவியல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். “எனக்கு ஒரு பெரிய ஒண்டிக்கட்டை அடிச்சுக் குடுங்கப்பா.”

“எவ்ளோ பெருசு?”

“யாராலயும் ஒரே மூச்சுல வாசிக்க முடியாத அளவுக்கு.”

“பிளேட் பத்தாதே.”

“ஒட்டுப் போடுங்க.”

அதற்கு அடுத்த மாதம் எட்டு நாள் காய்ச்சல். எடுத்த பரிசோதனை எல்லாம் ஏதோ இருக்கிறது என்றன. என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் காய்ச்சல் இல்லை. அவளும் இல்லை.

*

எண்களால் முகம் செய்யலாம் என்ற யோசனை ரோலர்காரரின் வாயிலிருந்து தற்செயலாக வந்தது. பிளேட்டில் எழும்பி நிற்கும் எண்கள்மீது ரோலரால் கறுப்பு மை உருட்டுவது அவர் வேலை. அவனைவிடப் பத்து வயது மூத்தவர்.

“இந்த எட்டு இருக்கானே, மொடாக்குடியன். எவ்ளோ ஊத்தினாலும் குடிப்பான். ஒண்ணு பத்தியக்காரன். நாக்குல தொட்டு வச்சுக்குவான், அவ்ளோதான்.”

எட்டு கறுப்பு, ஒன்று வெளுப்பு. முடிக்கு எட்டும் சைபரும். முகத்துக்கு ஒன்றும் ஏழும். மச்சத்துக்கு, ஒன்றுகளுக்கு நடுவே ஒரே ஒரு எட்டு.

கொசுவின் போட்டோவை எடுத்துக்கொண்டு அவளுடைய கணக்கு டீச்சரிடம் போனான். டீச்சர் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் போட்டோவை நாற்பதுக்கு அறுபது கட்டமாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு இலக்கம் வைத்தார். இரண்டாயிரத்து நானூறு இலக்கம் உள்ள ஒரே எண். அது பகா எண்ணா என்று சோதிக்கும் புரோகிராமை ஓடவிட்டார்.

“வகுபடுது சார்.”

“எதால?”

“அது தெரியாது. இந்தச் சோதனை வகுபடுமா, படாதான்னு மட்டும்தான் சொல்லும். எதாலன்னு சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க உலகத்துல இருக்கற எல்லாக் கம்ப்யூட்டரும் சேந்தாலும் முடியாம போகலாம்.”

இந்தப் பதிலை அவன் முன்பே ஆஸ்பத்திரியில் ஒருமுறை கேட்டிருந்தான்.

“இவ்ளோ நீளமான எண்கள்ல சுமாரா ஐயாயிரத்து ஐந்நூறுக்கு ஒண்ணுதான் பகா எண்,” என்றார் டீச்சர். “ஆனா ஒரே ஒரு இலக்கத்தை மட்டும் மாத்திப் பாக்கலாம். ரெண்டாயிரத்து நானூறு இடம். இடத்துக்கு ஒன்பது வழி. மொத்தம் இருபத்தோராயிரத்து அறுநூறு எண். அதுல ஏதாவது சிக்கும்.”

ஆறு சிக்கின. அதில் ஐந்து எண்கள் முகத்தைக் கெடுத்தன. ஒன்றில் கண்ணுக்குள் ஒரு ஒன்று விழுந்தது. ஒன்றில் உதட்டில் ஒரு நாலு. ஆறாவது மட்டும் நல்லது. பின்னலுக்குள் ஒரு சைபர் ஆறாக வேண்டும். அவ்வளவே. யாருக்கும் தெரியாது. டீச்சர் இன்னொரு புரோகிராமை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, சந்தேகமில்லை, பகா எண்தான் என்று உறுதி செய்து கொடுத்தார்.

“இனிமே ஒரு புள்ளிகூட மாத்திடாதீங்க. மாத்தினா அது வேற எண். பெரும்பாலும் உடைஞ்சிடும்.”

ஒரு நாளைக்கு ஒரு வரி அடித்தான். முதல் தகடு பதினேழாம் வரியில் ஒரு மூன்று தப்பி விழுந்து வீணாயிற்று. தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாம் தகட்டில் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். அறுபதாம் நாள் ரோலர்காரர் மை உருட்டினார். முகம் எழுந்தபோது ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

*

மனைவி பத்தே காலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். விருந்தாளிபோல் வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வா.”

வந்தாள். பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போயிற்று.

அவன் பேச ஆரம்பித்தான். எத்தனை நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு. கொசு கேட்டாளே, பெரிய ஒண்டிக்கட்டை, அதுதான் இது. இது முழுக்க ஒரே எண். எதாலும் வகுபடாது. டீச்சர் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார். ரெண்டால, மூணால, லட்சத்தால, கோடியால, எதால வகுத்தாலும் மீதி வரும். இவளை யாரும் பிரிக்க முடியாது.

மனைவி கிட்டே போனாள். தள்ளி வந்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“மச்சம் ஏங்க இந்தப் பக்கம் இருக்கு?”

“எந்தப் பக்கம்?”

“அவளுக்கு இடது கன்னத்துலதான மச்சம். இதுல வலது கன்னத்துல இருக்கு.”

“சரியாப் பாரு.”

“நான் சரியாத்தான் பாக்கறேன். காலைல அஞ்சரைக்கு நான் வேலைக்குக் கிளம்பறப்ப அவ தூங்கிட்டிருப்பா. வலது பக்கமாத் திரும்பிப் படுத்திருப்பா. மச்சம் மேல தெரியும். அது மேல ஒரு முத்தம் வச்சுட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். எனக்குத் தெரியாதா?”

அவன் போனை எடுத்து அசல் போட்டோவைத் தேடினான். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. பிளேட்டை முன்பக்கம் அடிப்பதில்லை. முதுகில் அடித்தால்தான் முன்பக்கம் எண் எழும்பும். அதனால் அச்சுகள் எல்லாம் இடவலம் மாறியவை. கடை முத்திரையோ படமோ எது வந்தாலும் முதல் வேலையாக அதை இடவலமாகத் திருப்புவான். கொசுவின் போட்டோவையும், டீச்சரிடம் கொடுப்பதற்கு முன், யோசிக்காமல் திருப்பிவிட்டிருந்தான். பிறகு எண்ணாக்கி, அந்த எண்ணை அச்சில் இன்னொரு முறை திருப்பி அடித்தான். ஒரு திருப்பல் கூடுதல்.

“பழக்கதோஷம்,” என்றான். “கை தானாத் திருப்பிடுச்சு.”

“கை திருப்பிடுச்சு, சரி. கண்ணு?” என்றாள் மனைவி. “அறுபது நாள் இது முன்னாடி உக்காந்து அடிச்சிருக்கீங்க. ஒரு நாள்கூடவா இது நம்ம பொண்ணு முகம் இல்லையேன்னு தோணல?”

தோன்றவில்லை என்பதுதான் உண்மை. ஏன் தோன்றவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை.

“மாத்துங்க. இங்க இருக்கற மச்சத்தை எடுத்துட்டு அங்க வைங்க.”

“அடிச்சது அடிச்சதுதான். அழிக்க முடியாது. அந்தப் பக்கம் ஒரு ஒண்ணு மேல எட்டு அடிக்கலாம். ஆனா...”

“ஆனா?”

“எண் உடைஞ்சிடும்.”

அவள் அவனைப் பார்த்தாள். தகட்டைப் பார்க்கவில்லை.

“உங்களுக்கு எண் வேணுமா, அவ வேணுமா?”

ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்ல வந்தான். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க அவ முகத்தைச் சரியாப் பாத்ததே இல்லங்க,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

*

திங்கட்கிழமை ரோலர்காரர் முகத்தைப் பார்த்தே கேட்டார். “என்ன தம்பி, வரலையா?”

“வந்தா. போயிட்டா.”

“என்ன சொன்னா?”

சொன்னான். ரோலர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நானும்தான மை உருட்டினேன். எனக்கும் தெரியலையே. ஆனா நான் அவளைத் தகட்டுக் குவியல் மேல உக்காந்து காலாட்டறப்ப பாத்ததுதான். மச்சத்தை எங்க பாத்தேன்? பெத்தவன் நீ பாத்திருக்கணும்.”

“ஆமாண்ணே.”

“சரி விடு. இன்னொண்ணு அடி. இப்ப நீயும் ஒண்டிக்கட்டைதான், நேரத்துக்கா பஞ்சம்...” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய டீ டம்ளரையும் தானே கழுவி வைத்தார்.

மாலையில் டீச்சரிடம் போனான். மச்சத்தை இடம் மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வகுபடுகிறது என்றது. ஒவ்வொரு வரியையும் கடைசி இலக்கத்திலிருந்து முதல் இலக்கத்துக்குத் திருப்பி, முகத்தை நேராக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் வகுபடுகிறது என்றது.

“எதாலன்னு கேக்க மாட்டீங்களே?” என்றார் டீச்சர், மெல்லச் சிரித்து.

“இல்ல டீச்சர்.”

“மறுபடியும் ஒரு இலக்கம் தேடிடலாம் சார். ரெண்டு நாள் குடுங்க. வேற பகா எண் கிடைக்கும். அதுக்கெல்லாம் முடிவே இல்ல. எவ்ளோ தூரம் போனாலும் ஒண்ணு இருந்துக்கிட்டேதான் இருக்கும்.”

வேறு எண் கிடைக்கும். இன்னொரு அறுபது நாள் அடிக்கவும் அவன் தயார். மச்சம் சரியான கன்னத்தில் உட்காரும். ஆனால் மனைவி கேட்டது அதை இல்லை. ஒரு நாள்கூடவா தோணல என்றுதான் கேட்டாள். அதற்குப் புதுத் தகடு பதில் சொல்லாது.

செவ்வாய்க்கிழமை காலை திருகாணிகளைக் கழற்றித் தகட்டைச் சுவரிலிருந்து இறக்கினான். பட்டறைக்கு எடுத்துப் போய் உருக்கப் போட்டுவிடலாம் என்று இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தான். சமையலறைப் பக்கத்து நடையில் ஒரு கண்ணாடி உண்டு. கடக்கும்போது அதில் தகடு தெரிந்தது.

நின்றான்.

கண்ணாடியில் தெரிந்த முகம் யாரோ ஒரு பிள்ளையின் முகம். அதே பின்னல், அதே கண். ஆனாலும் அவனுடைய கொசு இல்லை. கொசுவின் சித்தி மகள் யாரோபோல் இருந்தது. குனிந்து தகட்டைப் பார்த்தான். இது கொசு. நிமிர்ந்து பார்த்தான். அது இல்லை.

கண்ணாடிதான் படத்தைத் திருப்பிக் காட்டுகிறது. அப்படியென்றால் கண்ணாடிக்குள் இருப்பதுதான் போட்டோவில் உள்ள நேரான முகம். மனைவி பார்த்த முகம். அது ஏன் தனக்கு அந்நியமாக இருக்கிறது?

சீப்பு கண்ணாடிச் சட்டத்தில் செருகி இருந்தது.

மனைவி அஞ்சரைக்குப் போய்விடுவாள். ஏழு மணிக்கு, இதே இடத்தில், கொசு கண்ணாடியைப் பார்த்து நிற்பாள். அவன் பின்னால் நிற்பான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை. வகிடு எடுப்பான், இரண்டு பக்கமும் பின்னுவான். பேச்செல்லாம் கண்ணாடி வழியாகத்தான். “கோணல்ப்பா.” “நேராத்தான் இருக்கு.” “உங்களுக்கு நேரு, எனக்குக் கோணல்.” கண்ணாடிக்குள்ளிருந்து நாக்கைத் துருத்துவாள். அவனும் கண்ணாடிக்குள் துருத்துவான். அதுதான் ஒரு நாளில் அவளை அவன் நின்று நிதானமாகப் பார்த்த நேரம். பட்டறை முடிந்து வருவதற்குள் அவள் தூங்கியிருப்பாள். தெருவில் நடக்கும்போது இருவர் கண்ணும் வண்டிகள்மேல்.

பார்க்காமல் இல்லை. ஆறு வருடம் பார்த்தான். கண்ணாடியில் பார்த்தான்.

தகட்டைத் தரையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தான். அழுகை வந்து முடியும்வரை இருந்தான். பிறகுதான் தகட்டின் முதுகு கண்ணில் பட்டது. மை ஏறாத வெறும் அலுமினியம். குழிந்து கிடக்கும் இலக்கங்கள், இடவலம் மாறி. அவன் கை தினமும் தடவுகிற பக்கம். முன்பக்கம் வலது கன்னத்தில் மச்சம் என்றால், முதுகுப் பக்கம் இடது கன்னத்தில். ஒரு புள்ளியும் மாற வேண்டாம். எண்ணும் உடையாது.

*

“முதுகுக்கு யாராவது மை போடுவாங்களா?” என்றார் ரோலர்காரர். “இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு வேலை நான் கேள்விப்பட்டதில்ல.”

“ரோலர் வேண்டாம்ணே. துணியால தேச்சு விடுங்க. குழியில மட்டும் நிக்கணும். மேல துடைச்சிடலாம்.”

தேய்த்தார். துடைத்தார். தகட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நாலடி தள்ளி வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ரெண்டு பொண்ணு மாதிரி இருக்கே தம்பி.”

“ஒண்ணுதாண்ணே.”

பட்டறையில் கிடந்த மெல்லிய சங்கிலியில் இரண்டு முழம் வெட்டிக்கொண்டான். இரண்டு கொக்கியும் எடுத்துக்கொண்டான். சுவரில் மாட்டினால் ஒரு பக்கம்தான் தெரியும். கூடத்தின் நடுவில், உத்தரத்திலிருந்து தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் தெரியும். அவனுக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம். வழியெல்லாம் பஸ்ஸில் இதையே சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல நடந்துவிடும்போல் இருந்தது.

மனைவியின் அக்காதான் கதவைத் திறந்தாள். அவன் கையிலிருந்த பெரிய பொட்டலத்தைப் பார்த்தாள்.

“வாங்க. உக்காருங்க. அவளை வரச் சொல்றேன்.” சொல்லிவிட்டு உள்ளே போய், தேவைக்கு மேல் சத்தமாகப் பாத்திரங்களை உருட்டினாள்.

மனைவி வந்தாள். வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். சேலையில் இரண்டு மூன்று நூல் பிசிறு. அவன் பொட்டலத்தைப் பிரித்துத் தகட்டை நாற்காலியில் நிறுத்தினான். முதுகுப் பக்கம் அவளைப் பார்த்து.

முட்டிபோட்டு உட்கார்ந்தாள். விரலை நீட்டி, ஒன்றுகளுக்கு நடுவே குழிந்திருந்த எட்டைத் தொட்டாள். எடுக்கவில்லை.

“புதுசா அடிச்சீங்களா?”

“இல்ல. அதேதான். பின்பக்கம்.”

“எண்?”

“உடையல.”

தலையாட்டினாள். விரல் அங்கேயே இருந்தது.

“நீ கேட்டல்ல, ஒரு நாள்கூடத் தோணலையான்னு.” அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “எனக்கு அந்தப் பக்கம்தான் கொசு. தினமும் தலை பின்னி விடறப்ப கண்ணாடிலதான் அவளைப் பாப்பேன். கண்ணாடில மச்சம் மாறித்தான் தெரியும். அதான் எனக்குத் தோணல. பாக்காம இருந்ததில்ல.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

மனைவி கேட்டாள். “சீப்பு இன்னும் அங்கதான் இருக்கா?”

“இருக்கு.”

“அதுல முடி?”

“இருக்கு. எடுக்கல.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“அத விடு.” பையிலிருந்து சங்கிலியை எடுத்தான். “நம்ம வீட்டுக் கூடத்துல, நடுவுல தொங்கவிடலாம்னு பாத்தேன். சுவத்துல இல்ல, நடுவுல. இந்தப் பக்கம் உனக்கு. அந்தப் பக்கம் எனக்கு. கொக்கியும் கொண்டாந்திருக்கேன்.”

அவள் சங்கிலியை வாங்கிப் பார்த்தாள். நீளம் சரிதானா என்று பார்ப்பவள்போல் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

“அந்த நடையில என்னால நடக்க முடியாதுங்க,” என்றாள். “அந்தக் கண்ணாடி, அந்தச் சீப்பு. நீங்க அது முன்னாடி தினமும் நிக்கறீங்க. உங்களுக்கு அது வேணும். எனக்கு அந்தத் தெருமுனை வந்தாலே கால் நின்னுடுது. ஞாயித்துக்கிழமை எப்படி வந்தேன்னு எனக்குத்தான் தெரியும்.”

“கண்ணாடியைக் கழட்டிடறேன்.”

“கழட்டாதீங்க.” சட்டென்று சொன்னாள். “அங்கதான அவ உங்களுக்கு இருக்கா.”

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. வந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சங்கிலியை மடித்து அவன் கையில் வைத்தாள். பிறகு, கேட்கக் கூச்சப்படும் பிள்ளைபோல் கேட்டாள்.

“இத இங்க விட்டுட்டுப் போறீங்களா?”

தகடு ஒன்றுதான். வெட்டினால் இரண்டு பாதி முகம்தான் மிஞ்சும்.

“வச்சுக்கோ,” என்றான்.

“உங்களுக்கு?”

“எனக்கு மனப்பாடம்.” பொய். முதல் மூன்று வரிகூட ஒழுங்காக வராது.

அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் போனாள். தகட்டை அவர்கள் இருவரும் சேர்ந்து தூக்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். சுவரைப் பார்த்து அவனுடைய கொசு. அறையைப் பார்த்து அவளுடைய கொசு.

“ஒரு வரி வாசிங்களேன். எனக்கு இந்தத் திரும்பின எழுத்து புரியல.”

குனிந்தான். முகம் தொடங்கும் வரியில், வலது ஓரத்தில் விரலை வைத்து இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனான். இருபத்திரண்டு வருடப் பழக்கம். எங்கும் தடுமாறவில்லை. ஒண்ணு, ஏழு, ஒண்ணு, எட்டு, எட்டு, சைபர், எட்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நாற்பதாவது இலக்கத்தில் விரல் நின்றது.

“அடுத்த வரி?” என்றான்.

“போதும்,” என்றாள். “பஸ்ஸ விட்டுடுவீங்க.”

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் பை, பைக்குள் சங்கிலி. சிக்னலில் பக்கத்தில் ஒரு பழைய கார் வந்து நின்றது. அவன் அடித்த பிளேட்தான். 4723.

மூன்று இல்லை. ஏழு இல்லை. பதினொன்று இல்லை. சிக்னல் விழுந்து கார் போய்விட்டது. எண் போகவில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று, நாற்பத்தேழு. ஒரு படியும் விடவில்லை. அறுபத்தொன்று. அறுபத்தேழு. அடுத்த எழுபத்தொன்றை அதனாலேயே பெருக்கினால் எண்ணைத் தாண்டிவிடும், அதற்கு மேல் போகத் தேவையில்லை.

எதாலும் வகுபடவில்லை.

சரிதானா என்று கேட்க, பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தான்.